ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் போன காக்டெயில் புத்தகம்

பக்கத்துத் தெரு ஆலயத்தின் ஒலிபெருக்கி விடிந்ததிலிருந்து கரகரத்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறியபின்தான் அதற்குத் தொண்டை திறந்தது. "ஒரு தரம்..." என்றது ஒரு குரல். குரலுக்குப் பின்னால் ஒரு சேவல் கொக்கரித்தது. ஏலம் போவது தான்தான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது போல. "ரெண்டு தரம்..."

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஐம்பத்து நான்கு வயதில், வேலையெல்லாம் விட்டுவிட்டு, வீட்டு வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதன் யார் வீட்டுச் சேவலுக்கோ ஏன் பதற வேண்டும்? என் வலது கை தானாக மேலே போயிருந்தது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி கேட்டாள்: "யாருக்குக் கையக் காட்டுதீக?"

யாருக்கு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. புத்தகக் கடையில் நான் இருந்த இடத்தில் இப்போது இருக்கிற செல்வி போன வாரம் போன் பண்ணினாள். "அண்ணே, ஒருத்தர் காக்டெயில் புக்கு கேட்டு வந்து நிக்காரு. ஷெல்ஃபு நெறைய இருக்கு. எதக் குடுக்கட்டும்?"

"ஐஸ் எங்கன வாங்குதீகன்னு அவருட்ட கேளு" என்றேன்.

 மறுமுனையில் பஸ் சத்தத்துக்கு நடுவே செல்வி மிகவும் மரியாதையாக, "அண்ணே, ஒடம்பு நல்லாருக்கியளா?" என்று கேட்டாள்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வண்ணார்பேட்டையில் பஸ்கள் வளைகிற இடத்துக்கு எதிரே ஜெபமணி அண்ணாச்சியின் புத்தகக் கடை. கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே வேலை பார்த்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூட கைடுகளைத் தூசி தட்டினேன், கட்டுப் பிரித்தேன், கட்டுப் போட்டேன், மதியம் கைடுகளின்மேல் தலை வைத்துத் தூங்கினேன். பிறகு சுற்றுவட்டாரத்தில் கேட்டரிங் கல்லூரிகள் வந்தன. கடற்கரை ஊர்களிலிருந்து ஆட்கள் பயணக் கப்பல்களுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். சமையல் புத்தகம் கேட்டு வந்தவர்கள் குரலைத் தாழ்த்தி, "அந்த... மத்த புக்கும் இருக்கா?" என்று கேட்டார்கள். அந்த மத்த புத்தகங்களுக்காக ஒரு ஷெல்ஃப் உண்டாயிற்று. அதற்கு நான் பொறுப்பானேன். ஆற்றங்கரையில் பிறந்து ஆற்றுத் தண்ணீரைத் தவிர வேறெதையும் ருசியாகக் குடித்தறியாத நான், உலகத்தின் அத்தனை மதுக் கலவைகளுக்கும் வண்ணார்பேட்டைப் பிரதிநிதியானேன்.

எனக்காவது பரவாயில்லை. அண்ணாச்சி ஆலயக் கமிட்டி மெம்பர். இருமல் டானிக் வாங்கினால்கூட சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல ஒண்ணும் இல்லல்லா?" என்று மருந்துக் கடைக்காரரைச் சத்தியம் பண்ணவைக்கிற ஆள். காக்டெயில் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. 'கலவை' என்பார். ஆனால் ஒரு புத்தகத்தை ஷெல்ஃபில் ஏற்றுவதற்கு முன்னால் அவர் நடத்துகிற சோதனையை எந்தக் குடிகாரனும் நடத்தியிருக்க மாட்டான்.

கடையின் பின்னறையில் தகரம் அடித்த ஒரு மேசை. புதுப் புத்தகத்தை நட்டநடுவில் விரித்து மேசையில் வைப்பார். விரித்த கையை மெல்ல எடுப்பார். புத்தகம் அப்படியே மல்லாந்து கிடந்தால் முதல் சோதனையில் தேறியது. தானாக மூடிக்கொண்டால் தள்ளுபடி. "பார்ல நிக்கவனுக்கு ரெண்டு கையும் ஈரம். ஒரு கையில கிளாசு, ஒரு கையில பாட்டிலு. புக்க எதால பிடிப்பான், வாயாலயா?" அடுத்து, கட்டைவிரலைச் சொம்புத் தண்ணீரில் முக்கி, கடைசிப் பக்கத்தின் மூலையில் அழுத்துவார். பிறகு ஜன்னலோரம் போய் ஆற்றுப்பக்கத்துக் காற்றை வாங்கிக்கொண்டு நிற்பார். திரும்பி வரும்போது எழுத்து கசிந்திருக்கக் கூடாது. பக்கம் பக்கத்தோடு ஒட்டியிருக்கக் கூடாது. மூன்றாவதாக, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கை நீட்டுகிற தூரத்தில் வைத்து வாசிப்பார். உதடு அசையும். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துச் சுற்றி நிற்பவர்கள் தலை குனிவார்கள். அவர் வாசித்துக்கொண்டிருப்பது மூன்று வகை ரம்மை எலுமிச்சையோடு சேர்ப்பதைப் பற்றி.

வீட்டில் ஆசைக்குக் கலந்து பார்க்கிறவர்களுக்கான புத்தகம் என்றால் சோதனையே வேறு. "மொதப் பத்து கலவைக்கு எத்தன தினுசு பாட்டிலு வேணும்னு எண்ணிப் பாருலே சங்கரா. ஆறுக்கு மேல போச்சுன்னா வீட்டுக்கு ஆகாது. பாட்டிலு சேரச் சேர வீட்டுல சண்டையும் சேரும்." இந்த ஒரு விதியால் பாளையங்கோட்டையில் எத்தனை குடும்பங்கள் பிழைத்தன என்பதற்கு யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை.

என் பங்குக்கு நான் கண்டுபிடித்ததுதான் ஐஸ் கேள்வி. வருகிறவர் தொழில்காரரா, வீட்டுக்காரரா என்று நேரடியாகக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரர் தன்னைத் தொழில்காரர் என்பார். தொழில்காரர், "தம்பி படிக்கான், அவனுக்கு" என்பார். ஐஸ் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டால் பொய் வராது. "மிஷின்ல விழும்" என்பவருக்குப் படமே இல்லாத, அட்டவணை நிறைந்த, செங்கல் மாதிரிப் புத்தகம். "ஃப்ரிட்ஜுல டிரே இருக்கு" என்பவருக்கு மெல்லிசாக, படத்தோடு, ஆறு பாட்டிலுக்குள் அடங்கிய புத்தகம். "மீன் வண்டியில சொல்லி வாங்கிருவோம்" என்று கல்யாண விருந்துக்கு ஏற்பாடு செய்கிறவர் ஒருவர் சொன்னார். அவருக்குப் புத்தகம் கொடுக்கவில்லை. "மொதல்ல கழுவுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கேள்வியை மதிக்காதவர்களும் உண்டு. டிரே வைத்திருந்த ஒரு டாக்டர், கனமாக இருக்கிறதென்று தொழில் புத்தகத்தைத்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்து வாங்கிப்போனார். அதில் ஒரு மண்டபம் நிறைந்த விருந்தாளிகளுக்குச் சொல்லியிருந்த அளவை மூன்று நண்பர்களுக்காக அப்படியே கலந்திருக்கிறார். ஊற்றி வைக்கப் பாத்திரம் இல்லாமல் குளியலறை வாளிகள், பிறகு பேத்தியின் பிளாஸ்டிக் நீச்சல் தொட்டி. டாக்டரின் மனைவி கடைக்கே வந்துவிட்டார். அண்ணாச்சி எழுந்து நின்று, "எங்க கடையில நீச்சல் புக்கு மட்டுந்தாம்மா குடுத்தோம்" என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

அண்ணாச்சிக்கு இன்னொரு பழக்கம். பொட்டலம் கட்டுவதை யாரிடமும் விடமாட்டார். காக்கித் தாளை மேசையில் விரித்து, உள்ளங்கையால் நீவி, புத்தகத்தை மூலைவாட்டில் வைத்து, நாலு பக்கமும் மடித்து, சணல் நூலைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி ஒரே ஒரு முடிச்சு. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கலவைப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏற முடியாது என்பதால் அந்த ஷெல்ஃபிலிருந்து போகிற எல்லாமே இப்படிப் பொட்டலமாகத்தான் போகும். மேலே பெயர் எழுதட்டுமா என்று கேட்டால், "பேரு எழுதினா பொட்டலத்தோட லட்சணம் போயிரும்" என்பார். எல்லாப் பொட்டலமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

வருடத்துக்கு ஒரு தரம் அதே காக்கித் தாளில் இன்னொரு பொட்டலமும் கட்டுவார். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு. அன்று சபையார் வாழைத்தார், பூசணி, கருப்பட்டி, கோழி என்று தங்களிடம் இருப்பதைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம் போகும். காசு ஆலயத்துக்கு. அண்ணாச்சியின் காணிக்கை மூடிய பொட்டலம். உள்ளே பெரிய எழுத்துத் தியானப் புத்தகம், கறுப்பு அட்டையில் தங்க எழுத்து. ஏலம் எடுத்தவர் வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்பது வழக்கம்.

ஒரு வருடம் பண்டிகை நேரத்தில் மிக்கேல் என்பவனும் ஒரு புத்தகம் கேட்டிருந்தான். கடற்கரைக்காரன், நாற்பத்தொரு வயது, கப்பல் பாரில் கிளாஸ் கழுவுகிற வேலை. கலந்து கொடுக்கிறவனாக உயர ஒரு பரீட்சை உண்டு. இரண்டு முறை தோற்றிருந்தான். "இந்தத் தடவையும் போச்சுன்னா, கழுவுததுக்குச் சின்னப் பயலுவ இருக்கானுவ, நீ வீட்டுக்குப் போன்னுருவான் அண்ணே. மூத்தவ பிளஸ் டூ படிக்கா." பரீட்சை வைக்கிற அதிகாரி எல்லாக் கேள்வியையும் ஒரே புத்தகத்திலிருந்து கேட்பாராம். அது டில்லியிலிருந்து வரவேண்டும். நான் எழுதிப் போட்டு, போனில் கெஞ்சி, ஒரே ஒரு பிரதி வந்து சேர்ந்தது. போனிலேயே வாசிக்கலாமே என்று கேட்டதற்கு மிக்கேல் சொன்னான்: "நடுக்கடல்ல நெட்டு கெடைக்கது கொஞ்ச நேரம். அதுல பொண்டாட்டி மொகத்தப் பாப்பனா, புக்கப் பாப்பனா?"

புத்தகம் கறுப்பு அட்டை, தங்க எழுத்து. செங்கல் கனம்.

மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் விடவும் மனமில்லை.

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. அன்று கடை திறப்பதில்லை. சபைக்காரன் அல்லாத நான் மட்டும் பின்கதவு வழியாகப் போய், புதிதாக வந்திருந்த கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை மாலை சென்னை பஸ். அதற்கு முன்னால் புத்தகத்தை வாங்கிக்கொள்ள மிக்கேல் பூசை முடிந்து நேரே வந்திருந்தான். அண்ணாச்சி தயாராக வைத்திருந்த பொட்டலத்தைக் கொடுத்தேன். ஆசையோடு முடிச்சை அவிழ்த்தான். விரித்தான். மல்லாந்து கிடந்தது. ஒரு பக்கம் வாசித்தான்.

"அண்ணே, இதுல காலையில ஜெபம், மத்தியானம் ஜெபம்னு போட்டிருக்கு. எனக்குச் சாயங்காலத்துக்கு மேல வேண்டிய புக்கு அண்ணே."

சைக்கிளில் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நான் மிதித்த வேகத்தை என் வாழ்நாளில் அதற்கு முன்னும் மிதித்ததில்லை, பின்னும் இல்லை. ஆலயத்தில் பூசணி ஏலம் முடிந்து கருப்பட்டி போய்க்கொண்டிருந்தது. மிக்கேலை வாசலில் நிறுத்திவிட்டு, வெள்ளை ஜிப்பாவில் நடுவரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியின் காதருகே குனிந்தேன்.

"அண்ணாச்சி, பொட்டலம் மாறிட்டு."

"எந்தப் பொட்டலம்?"

"மேசையில இருக்கது கலவை."

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. காது மட்டும் சிவந்தது. "நிறுத்துங்கன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. நான் குடுத்த காணிக்கைய நானே ஏலம் கேட்டா ஊரு சிரிக்கும்" என்றார், உதடு பிரியாமல். "நீ எடு."

"நானா? நான் ஒங்க சபையே இல்லியே அண்ணாச்சி."

"காசுக்குச் சபை கெடையாதுலே. கையத் தூக்கு."

உபதேசியார் மைக்கைப் பிடித்துப் பொட்டலத்தை உயர்த்திக் காட்டினார். "அடுத்தது நம்ம ஜெபமணி ஐயா வருசா வருசம் குடுக்கது. உள்ள என்னன்னு நான் கேக்கல, நீங்களும் கேக்காதீங்க. நல்ல கனம். அத மட்டும் சொல்லுதேன்."

நான் கையைத் தூக்கினேன். சாதாரணமாக அந்தப் பொட்டலம் இரண்டு ஏலக் கேள்வியில் முடிந்துவிடும். ஆனால் மூன்று வரிசை முன்னால் ஒரு கைக்குட்டை உயர்ந்தது. எமிலி டீச்சர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அந்த ஆலயத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் பிரம்படி வாங்கியவர்கள், மீதிப் பேர் அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல் விலையை ஏற்றினார். நான் மேலே போனேன். கைக்குட்டை மேலே போனது. அண்ணாச்சி கடை ஆள் அண்ணாச்சி கொடுத்த பொட்டலத்துக்கே மல்லுக்கட்டுகிறான் என்றால் உள்ளே என்னமோ பெரிதாக இருக்கிறது என்று சபையில் சலசலப்பு. அதுவரை சும்மா இருந்த ஒரு பக்கத்திலிருந்தும் கேள்வி வந்தது. நான் அதைத் தாண்டினேன். அந்தப் பக்கம் என்னைத் தாண்டியது. ஆட்டுக்குட்டி விலையைத் தாண்டிவிட்டது. போதகர் எழுந்து நின்றுவிட்டார். அண்ணாச்சி தரையைப் பார்த்தபடி, "ஏத்து, ஏத்து" என்று தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

யார் அந்த மூன்றாவது ஆள் என்று எம்பிப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தான் மிக்கேல்.

நாங்களே எங்களை ஏற்றிக்கொண்டிருந்தோம்.

ஓடிப்போய் அவன் கைகளைப் பிடித்து இறக்கினேன். "ஏலே, நீ ஏன்லே தூக்குத?"

"நீங்க விட்டுருவீகளோன்னு பயந்துட்டேன் அண்ணே."

"நான் ஒனக்காவத்தானலே கேக்கேன்!"

"அத மொதல்லயே சொல்லாண்டாமா?"

"மூணு தரம்!" என்றது ஒலிபெருக்கி. "எமிலி டீச்சருக்கு!" கைதட்டல் கூரையில் மோதித் திரும்பி வந்தது. இப்படி ஒரு காணிக்கையை இந்தச் சபை கண்டதில்லை என்று போதகர் அண்ணாச்சியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அண்ணாச்சி எழுந்து நான்கு பக்கமும் கும்பிட்டார். அவ்வளவு துக்கமான கும்பிடை நான் சாவு வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, சரியான பொட்டலத்தோடு நான் பாளையங்கோட்டையில் டீச்சர் வீட்டு வாசலில் நின்றேன். அண்ணாச்சி வரவில்லை. சிறு வயதில் அவரிடம் படித்தவராம். பிரம்படி இன்னும் ஞாபகமிருக்கிறது என்றார்.

வராந்தா நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மடியில் கறுப்புப் புத்தகம், பக்கத்து முக்காலியில் தடிமனான அகராதி, காதில் பென்சில்.

"வா சங்கரா. மடில் பண்ணணும்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?"

"டீச்சர்... புதினா இலைய அடியில போட்டு, கட்டையால பைய நசுக்குதது."

"அப்போ நசுக்குன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதான? பெரிய பாஷை." பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

"டீச்சர், ஒரு தப்பு நடந்துட்டு. பொட்டலம் மாறி..."

"தெரியும். பிரிச்சவொடனேயே கண்டுபிடிச்சிட்டேன். தியானப் புத்தகத்துல ஒலிவக் காய் படம் வரலாம். குச்சி சொருகி வராது."

கையிலிருந்த பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கறுப்புப் புத்தகம் மடியைவிட்டு அசையவில்லை. "இது நான் எடுக்க நெனச்சது. அது நான் எடுத்தது. ரெண்டும் எனக்குத்தான். ஆலயத்துக்குக் காசு கட்டியாச்சு."

மிக்கேலின் கதையை முழுக்கச் சொன்னேன். கப்பல், பரீட்சை, இரண்டு தோல்வி, பிளஸ் டூ மகள், செவ்வாய்க்கிழமை பஸ். கேட்டுவிட்டு, "பரீட்சைக்கு மொத நாளு புக்கு தேடுத பிள்ளைகள எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். "எடுத்த புக்க முடிக்காம நான் கீழ வைக்க மாட்டேன். தினம் ஒரு பாடம். முடிச்சிட்டுத் தாரேன்."

மனசுக்குள் அத்தியாயங்களை எண்ணிப் பார்த்தேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலமே வந்துவிடும்.

"ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக்கிடட்டுமா டீச்சர்?"

கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தன் ஒழச்சு எழுதி விக்கதை, நீ மிஷின்ல வச்சு நகல் எடுக்கதுக்கு என்ன பேரு?"

"களவு டீச்சர்."

"நான் சொல்லல. நீதான் சொன்ன."

கடைக்குத் திரும்பினேன். மிக்கேல் பின்னறை மேசையில் தலை கவிழ்ந்திருந்தான். அண்ணாச்சி அவனுக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்துத் தேற்றிக்கொண்டிருந்தார். "வேற புக்கு குடுத்து அத வாங்கு" என்றார் என்னிடம். "அவங்களுக்குப் பிடிச்சமாரி ஒண்ணு. நீதான ஷெல்ஃபுக்காரன்."

முதலில் வீட்டுக்காரர்களுக்கான படப் புத்தகத்தைக் கொண்டுபோனேன். புரட்டினார். "எலுமிச்சம்பழத்த வெட்டத் தெரியாதவனுக்குப் போட்ட படம்" என்று திருப்பிக் கொடுத்தார். மதியம், மதுவே இல்லாத பழரசக் கலவைப் புத்தகம். "எனக்குச் சர்க்கரை இருக்கு. என்னக் கொல்லவா பாக்க?" வெயிலில் வண்ணார்பேட்டைக்கும் பாளையங்கோட்டைக்கும் கடிகார ஊசல் போல ஆடினேன். சைக்கிள் சங்கிலி இரண்டு தரம் கழன்றது. மூன்றாவது தரம் போனபோது கையில் புத்தகம் எதுவும் இல்லை. என்னுடைய கடைசி ஆயுதம் மட்டும் இருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன். நீங்க ஐஸ் எங்கன வாங்குதீக?"

"ஐஸா? எனக்கு எதுக்குய்யா ஐஸ்? பல்லு கூசும்."

 மிஷினும் இல்லை, டிரேயும் இல்லை, மீன் வண்டியும் இல்லை. இத்தனை வருடம் உலகத்தை இரண்டு தட்டில் அடுக்கி வைத்திருந்தேன். இந்த அம்மாள் எந்தத் தட்டிலும் ஏறாமல் வராந்தாவில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுக் கலக்கப் போவதில்லை. ஒரு சொட்டுக் குடிக்கப் போவதில்லை. பின்னே எதற்கு?

அவரே சொன்னார். எரிச்சலோடு ஒரு பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "இங்கன பாரு. இந்தக் கலவைக்கு ஒரு பொம்பள பேர வச்சிருக்கான். அவ யாரு? எந்த ஊருக்காரி? அவ பேர ஏன் வச்சான்? அவ புருசன் ஒண்ணும் கேக்கலியா? அதெல்லாம் ஒண்ணுங் கெடையாது. இத்தன அவுன்சு, அத்தன அவுன்சு. இது ஒரு புக்காய்யா?"

எனக்கு மண்டைக்குள் மணி அடித்தது. "இருங்க டீச்சர்" என்று சைக்கிளைத் திருப்பினேன்.

எங்கள் ஷெல்ஃபின் கடைசியில், மொத்தக் கட்டு ஒன்றோடு வந்து, அண்ணாச்சியின் எல்லாச் சோதனையிலும் தோற்றுப்போன ஒரு புத்தகம் கிடந்தது. விரித்தால் மூடிக்கொள்ளும். தண்ணீர் பட்டால் கசியும். எழுத்து எறும்பு. எங்கேயோ ஒரு சீமை ஓட்டலில் வாழ்நாளெல்லாம் பாரில் நின்ற ஒருவர் தன்னிடம் குடிக்க வந்தவர்களைப் பற்றி எழுதியது. யார் யாரோடு வந்தார்கள், யார் அழுதார்கள், யார் கணக்கைக் கட்டாமல் ஜன்னல் வழியாகப் போனார்கள் என்று. கலவை நாலே நாலுதான், அதுவும் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். தொழில்காரர்கள் தொடவில்லை, வீட்டுக்காரர்கள் தொடவில்லை. திருப்பி அனுப்பினால் மொத்த வியாபாரியும் வாங்கவில்லை.

டீச்சர் நடுப்பக்கத்தைத்தான் விரித்தார். புத்தகம் மூடிக்கொள்ளப் பார்த்தது. கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தார். வாசித்தார். "சீ" என்றார். பக்கத்தைத் திருப்பினார். "சீச்சீ" என்றார். மறுபடி திருப்பினார். வேலைக்காரப் பெண் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஆடை கட்டியது. நான் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, அந்த முகத்தில் நல்ல சேதி ஏதாவது வருகிறதா என்று, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, தலை நிமிராமல் கேட்டார்:

"அவனுக்கு எத்தன மணிக்கு பஸ்?"

செல்வி, உனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். தொழில்காரருக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று. ஐஸே வேண்டாம் என்பவர் வந்தால் அவரை விட்டுவிடாதே. அவருக்கு நாற்காலி போடு. புத்தகக் கடை நடப்பது அவரால்தான். அன்றைக்குப் பிறகு அண்ணாச்சி மேசையில் நான்காவதாக ஒரு சோதனை வந்தது. புத்தகத்தை நடுவில் திறந்து ஒரு பக்கம் வாசிப்பார். 'சீ' என்று வந்தால் கடைசித் தட்டில் வைப்பார். அந்தத் தட்டுப் புத்தகங்கள்தான் சீக்கிரம் தீர்ந்தன.

மிக்கேல் தேறிவிட்டான். அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கழுவுகிற தொட்டியிலிருந்து மேசைக்கு முன்னால் வந்துவிட்டான். ஆனால் அந்தச் செய்தி வந்த நாள் எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமிருப்பது செவ்வாய்க்கிழமை மாலைதான்.

வண்ணார்பேட்டையில் சென்னை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டு மிக்கேல் படிக்கட்டில் ஒரு கால் வைத்து, பாளையங்கோட்டைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி டிரைவரிடம் ஊர்க்கதை பேசி நேரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். ஆட்டோ வந்து நின்றது. எமிலி டீச்சர் குடையை ஊன்றி இறங்கினார். புத்தகத்தை என்னிடம் கொடுத்தனுப்ப மாட்டேன், ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பேன் என்று சொல்லியிருந்தார்.

அண்ணாச்சி டிரைவரின் பின்னால் பாதி மறைந்துகொண்டார். "ஜெபமணி, முன்னால வா" என்றார் டீச்சர். வந்தார்.

பிறகு மிக்கேலைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "பயமா இருக்கா?"

"ஆமா டீச்சர். தெரிஞ்சதுகூட வாய்க்குள்ளயே நின்னுருது."

"அதுக்குப் பேரு பயமில்ல. அர்த்தம் தெரியாமப் படிக்கது." புத்தகத்தைத் திறந்து காட்டினார். "நான் வாசிச்ச வரைக்கும் கஷ்டமான வார்த்தைக்கெல்லாம் ஓரத்துல தமிழ்ல எழுதியிருக்கேன். மிச்சத்த நீயே பாத்துக்க."

அண்ணாச்சியால் பொறுக்க முடியவில்லை. "புதுப் புக்குல பென்சிலா டீச்சர்!"

"நீ சும்மா இரி. ஒன் பொட்டலத்தப் பத்திப் போதகர்ட்ட நான் இன்னும் ஒண்ணுஞ் சொல்லல."

அண்ணாச்சி மறுபடியும் டிரைவரின் பின்னால் போனார்.

மிக்கேல் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் மெல்ல நகர, அவன் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்தான். டீச்சர் குடையை இடுக்கிக்கொண்டு பஸ்ஸோடு இரண்டு எட்டு நடந்தார்.

"ஏய்யா, நீ குடிப்பியா?"

"சத்தியமா இல்ல டீச்சர்! ஊத்திக் குடுக்கது மட்டுந்தான்!"

டீச்சர் நடையை நிறுத்திக் குடையை ஊன்றினார்.

"சரிய்யா. சிந்தாம ஊத்து."